எங்கள் செக்ஷன் பெரியவர்

ஓய்வு பெற்ற பிறகு ரமணாசிரமத்துப் பக்கம் குடிவந்துவிட்டேன். காலை நடையில் செங்கம் சாலையில் சேரும் நண்பர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பழைய சர்க்கார் ஆட்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆபீசில்தான் போய் நிற்கும். கெடுதல் செய்த அதிகாரியைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் கதை உண்டு. நல்லது செய்தவரைச் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். எனக்கு யோசனையே வேண்டாம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைப்பு முடிந்துவிட்டது. நான் வேலையில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். செக்ஷனில் இருந்த பெரியவர் பிரெஞ்சுக்காரர் காலத்து எழுத்தர். முப்பது வயதுக்கு மேல், சொல்லித்தர ஆளில்லாமல், ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டவர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, பெரியவர் என்றே இருக்கட்டும்.

முதல் நாளே பக்கத்தில் உட்காரவைத்தார். "தம்பி, பிரெஞ்சுல பைசாவுக்கு முன்னால கமா போடுவோம், இங்க புள்ளி வைக்கணும். நமக்கு 'தெமாந்தே'ன்னா பணிவா கேக்கறது. அதையே இங்கிலீஷ்ல 'டிமாண்ட்'னு அதிகாரிக்கு எழுதினா சண்டைக்குப் போன மாதிரி ஆயிடும்." இப்படிப்பட்டவற்றை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு துறைத் தேர்வு வந்தது. இருவரும் எழுத வேண்டியிருந்தது. நான்கு மாதம், ஆபீஸ் விட்ட பிறகு ஆறு மணிவரை எனக்குப் பாடம் எடுத்தார். நான் தேறினேன். அவர் தேறவில்லை. உத்தரவு வந்த மறுநாள், தன்னிடம் இருந்த கை வைத்த நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டார், சிரித்துக்கொண்டேதான். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை நினைத்தால் கூடவே சென்னைத் துறைமுகத்து நாராயண ஐயரும் ஞாபகத்துக்கு வருவார். கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் அங்கே மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். ஐயர் மேலதிகாரி, கல்லூரியில் கணிதம் நடத்தியவர். கீழே வேலை பார்க்கும் பையனுக்குத் தன்னைவிட அதிகம் தெரியும் என்று கண்டால் மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஐயர் இரவில் திருவல்லிக்கேணி வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு அவருடன் உட்கார்ந்தார். ராமானுஜன் பல படிகளை ஒரே தாவாகத் தாவுவார். மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி விரித்து எழுதச் சொல்லி ஐயர் விடாமல் வற்புறுத்தினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவு கிடைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1913-ல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 17-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார். ஐயர் தன் ஆபீசுக்குத் திரும்பி, பழையபடி கணக்குப் பார்த்திருப்பார்.

எங்கள் பெரியவர் அடுத்த தடவை தேறினார். ஆனால் பதவி உயர்வு வந்தபோது ஓய்வுக்கு இரண்டே வருடம். அதற்கும் ஆபீஸ் முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தார். காலமாகி இப்போது பல வருடம் ஆகிறது.

அந்த நீள நோட்டு என்னிடம் இல்லை. காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பையன் ஆங்கிலத்துக்குத் தடுமாறுகிறான் என்று, ஒருநாள் பெரியவரே வந்து கேட்டு வாங்கிப்போய் அவனிடம் கொடுத்துவிட்டார்.