ஹெரால்டிலிருந்து கழற்றிய விளக்குகள்

ஒரு வண்டியில் இருந்த இரண்டு விளக்குகளைப் பொய் சொல்லிக் கழற்றி எடுத்துக்கொண்டேன். கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் போர்ட்டிகோவில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அது. முன் பம்பரில் இருந்த அந்த விளக்குகளுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று அதன் சொந்தக்காரரான இளைஞரிடம் சொன்னேன். சம்பந்தம் உண்டு என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததாக இருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வயரிங், டைனமோ, விளக்கு என்றால் என்னைத் தேடி வருவார்கள். இந்தத் தொழில் இந்தப் பக்கத்தில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. 1961-ல் பாடியில், வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. டைனமோவைப் பிரித்துச் சுற்றத் தெரிந்தவர்களும், எந்த பிராக்கெட்டையும் பார்த்த மாத்திரத்தில் லேத்தில் கடைந்து கொடுப்பவர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர்களிடம் எடுபிடியாக நின்றுதான் வேலை கற்றேன். ஒரு விளக்கைக் கையில் வாங்கியதும் அது எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் காலத்தது, அசலா நகலா என்று சொல்லும் பழக்கம் அப்படி வந்தது. நான் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் விற்றேன்.

அந்த இளைஞர் 2021-ல் வந்த விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம், எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும் என்று மத்திய அரசு அந்த ஜூலையில் அறிவித்தது. தாத்தாவின் ஹெரால்டுக்கு அந்தப் பதிவை வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். “அண்ணே, எதெல்லாம் மாத்தணும், எதெல்லாம் இருக்கலாம், நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றார். வண்டியைச் சுற்றி வந்தேன். பம்பர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்குள் ஆசை புகுந்துவிட்டது.

அங்கே என்ன இருந்தது என்பதை இங்கேயாவது முழுதாகச் சொல்கிறேன். இடது பக்கம் லூகாஸ் எஸ்.எஃப்.டி. 576. வலது பக்கம் எஸ்.எல்.ஆர். 576. இரண்டும் இங்கிலாந்தில் செய்தவை. ஏறக்குறைய ஐந்தே முக்கால் அங்குல விட்டம், ஒரே அளவு, ஒரே குடும்பம். தூரத்திலிருந்து பார்ப்பவர் ஜோடி என்றே நினைப்பார். ஆனால் வேலை வேறு. எஸ்.எஃப்.டி. பனிமூட்டத்துக்கான விளக்கு, அதன் கண்ணாடியில் நெடுக்குவாட்டில் வரிவரியாக இருக்கும், ஒளியை இருபுறமும் தட்டையாக விரிக்கும். எஸ்.எல்.ஆர். தூரத்துக்கானது, கண்ணாடி ஏறக்குறைய வழவழப்பு, ஒளி ஒடுங்கி நேராகப் பாயும். ஒன்று பனிக்கு, ஒன்று தூரத்துக்கு என்று வாங்கிச் சேர்த்துப் பொருத்துவது ஐம்பது, அறுபதுகளில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் செய்த காரியம். இடது பக்கமாக ஓட்டும் நம் நாட்டில் பனி விளக்கை இடது பக்கம்தான் வைக்க வேண்டும், சாலையின் ஓரம் தெரிவதற்காக. அந்த இளைஞரின் தாத்தா அப்படியேதான் வைத்திருந்தார்.

நான் அவர் பேரனிடம் சொன்னது இது: “ரெண்டும் வேற வேற கண்ணாடி, பாருங்க தம்பி. ஜோடி கிடையாது. யாரோ புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல கடைக்கொண்ணா பொறுக்கி மாட்டியிருக்காங்க. இது இந்த வண்டிக்குப் பொருந்தாது.”

பொருந்தும் என்பதற்கு வண்டியிலேயே சான்றுகள் இருந்தன. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். விளக்கைக் கண்ட இடத்தில் நீட்டி வைத்தால் பானெட்டைத் திறக்கும்போது இடிக்கும். அந்த வண்டியில் விளக்குகள் கடையில் வாங்கிய பிராக்கெட்டில் நிற்கவில்லை. கனமான இரும்புப் பட்டையை வளைத்து, முனையை லேத்தில் கடைந்து, பானெட் சாயும்போது விளக்கின் தலைக்கு மேலே ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி யாரோ அளந்து செய்திருந்தார்கள். வயர் துணி சுற்றியது, சிவப்பில் மஞ்சள் கோடு. லூகாஸ் நிற முறையில் பனி விளக்குக்கு உரிய நிறம். அது வண்டியின் பழைய வயர்க்கட்டுக்குள்ளேயே ஓடி, மற்ற வயர்களோடு சேர்ந்தே கறுத்திருந்தது. பம்பரைப் பின்பக்கம் தடவினால் வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் உலோகம் புதிதாக இருந்தது. நேற்று மாட்டியதற்கு இந்த அடையாளங்கள் வராது. பல பத்தாண்டுகள் அந்த விளக்குகள் அங்கேயே வாழ்ந்திருக்கின்றன. இதையெல்லாம் படிப்பதுதான் என் தொழில். படித்தேன், மறைத்தேன்.

அதற்கு மேல் சட்டத்தையும் துணைக்கு இழுத்தேன். இந்த விளக்குகள் இருந்தால் பதிவில் சிக்கல் வரும் என்றேன். அந்த விதி கவலைப்படுவது சேஸி, பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கிறதா என்பதைப் பற்றி. பனி விளக்கைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சென்னையில் ஃபாக் லைட் எதற்கு என்றும் கேட்டேன். 2018-ல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களையே முடக்கிப் போட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அந்தத் தம்பி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழற்றிய விளக்குகளுக்கு ஒரு சொற்பத் தொகையைப் போட்டு என் கூலியில் கழித்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரே மாதிரி இருக்கும் புது நகல் ஜோடியை மாட்டி, அதற்கும் பணம் வாங்கினேன். பழைய துணி வயரை இழுத்தெடுத்து பிளாஸ்டிக் வயர் ஓட்டினேன். சான்று அழிந்தது.

விளக்குகள் பிறகு ஒரு மோரிஸ் மைனருக்குப் போயின. அந்த வண்டிக்காரர் காலத்துக்கு ஏற்ற விளக்கு வேண்டுமென்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது, நான் கொடுத்ததைப் போல் பத்து மடங்குக்கு மேல். அந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்பதை நினைத்தால்தான் அதிகம் வலிக்கிறது. மோரிஸ் மைனர் அந்தக் காலத்து மற்ற ஆங்கிலேய வண்டிகளைப் போல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸியோடு இணைந்தது. இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான், ஆகவே அதில் தொல்லை இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது டைனமோவில். 48 வாட் பல்பு இரண்டு என்றால் பன்னிரண்டு வோல்ட்டில் எட்டு ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு ஏழு, இக்னிஷனுக்கு மூன்று நான்கு. பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 19 முதல் 22 ஆம்பியர்தான். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஆகவே ஹெட்லைட்டும் இந்த இரண்டும் சேர்ந்து எரியாதபடி சுவிட்ச் அமைத்தேன். டாஷ்போர்டு சுவிட்ச் சூடேறாமலிருக்க ரிலேயும் ஃபியூஸும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தேன். எர்த்தை பெயின்ட் பூசிய பிராக்கெட் வழியே நம்பாமல் தனி வயராகச் சேஸிக்குக் கொண்டுபோனேன். குரோமியத்தைத் தேய்க்கவில்லை, மெல்லிய துணியால் துடைத்ததோடு சரி. ரிஃப்ளெக்டரில் விரல் படவே விடவில்லை. இவ்வளவும் செய்த கைதான், அந்த மோரிஸின் பம்பரில் அதுவரை இல்லாத இரண்டு துளைகளையும் போட்டது. விளக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோது, “பழைய மோரிஸ் ஒண்ணைப் பிரிச்சப்ப கெடச்சது சார்” என்றேன். ஒரு கண்காட்சியில் அந்த விளக்குகளைப் பார்த்துப் பலர் பாராட்டினார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். ஒரு பொய்யால் இரண்டு வண்டிகளின் வரலாறு கெட்டது.

இதோடு நின்றிருந்தால் பேராசை என்று ஒரு பெயர் வைத்துவிடலாம். அடுத்தது அதைவிட மோசம்.

சில மாதம் கழித்து ஹெரால்டு டைனமோவின் கட்-அவுட் ரிலேயைச் சரிபார்க்கக் கள்ளிக்குப்பம் போனேன். அன்று அந்தத் தம்பியின் பாட்டி வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். நேராக இடது விளக்கைக் காட்டி, “அந்த மஞ்ச லைட்டு எங்கப்பா?” என்று கேட்டார். எஸ்.எஃப்.டி.யில் மஞ்சள் பல்பு இருந்தது. அந்தப் பெரியவர் கோடையில் குடும்பத்தை ஊட்டிக்கு அழைத்துப் போவாராம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து ஏறும்போதே இருட்டிவிடும். குன்னூருக்கு மேலே மூட்டம் இறங்கினால் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கை மட்டும் போடுவாராம். “ரோட்டோட இடது ஓரத்தையே பார்த்துக்கிட்டு மெதுவா ஓட்டுவார். பிள்ளைங்க பயப்படாம தூங்கும்” என்றார்.

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. மூட்டத்தில் ஹெட்லைட்டின் ஒளி துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்வாக நின்று, மேல்நோக்கி ஒரு கீற்றும் விடாமல், தரையோடு தரையாக விரிகிற ஒளியால்தான் ஓரம் தெரியும். மஞ்சள் நிறம் பனியைத் துளைத்துப் போகும் என்பது பலர் நம்பும் கதை. மூட்டத்தின் துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் கழிந்த ஒளியில் கண் அதிகம் கூசாது என்பதே அதில் உள்ள நன்மை. பிரான்சில் 1930-களிலிருந்து 1993 வரை ஹெட்லைட்டையே மஞ்சளாக வைக்கச் சட்டம் இருந்தது. இவ்வளவும் தெரிந்த நான், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இடது ஓரம் பார்த்து ஓட்டிய ஒரு மனிதரின் விளக்கை, அதன் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம், மறுபடியும் மறுத்தேன். “அது பின்னால போட்டதும்மா. வண்டியோட வந்தது இல்ல” என்றேன்.

“நீ வேல தெரிஞ்சவன். உனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வரவில்லை என்பது உண்மைதான். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961-லிருந்து ஹெரால்டு செய்தது. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டைக்கூட நமக்கென்று செய்தது. அந்த வண்டிகள் இந்த விளக்குகளோடு வெளிவரவில்லை. ஆகவே நான் சொன்னது எழுத்தளவில் பொய் இல்லை என்று பிறகு பலமுறை மனதுக்குள் வாதாடியிருக்கிறேன். துணைப் பொருள் என்பதே சொந்தக்காரர் தன் தேவைக்காகத் தேடி வாங்கிப் பொருத்துவது. தொழிற்சாலைப் பட்டியலில் இல்லாததாலேயே அது வண்டிக்கு அந்நியம் ஆகிவிடாது. சொல்லப்போனால், ஒரே அச்சில் வந்த பல வண்டிகளுக்கு நடுவே அந்த ஹெரால்டைத் தனியாக அடையாளம் காட்டியவை அந்த இரண்டு விளக்குகளும் வளைந்த பிராக்கெட்டும்தான். உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டு பொய் சொல்வது என்னைப் போன்ற விவரம் தெரிந்தவனுக்குத்தான் முடியும். அந்த அம்மாளுக்கு முடிந்திருக்காது.

இந்த வருடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் பாட்டியிடம், பிறகு பேரனிடம். பாட்டி, “அப்பவே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார். பேரன் கோபப்பட்டார், பட வேண்டியதுதான். வாங்கிய கூலியையும் நகல் விளக்குகளின் பணத்தையும் திருப்பினேன். மோரிஸ்காரரிடமும் உண்மையைச் சொல்லி, அவர் கொடுத்த முழுத் தொகையும் தருகிறேன், விளக்குகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரும் என்னால் ஏமாந்தவர். பிராக்கெட்டுகள் என்னிடமே இருந்தன, அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வண்டியில் எந்த விளக்கு எந்தப் பக்கம் இருந்தது, வயர் எந்த வழியாக ஓடியது, பம்பர் துளையின் அளவென்ன என்று என் நினைவில் உள்ளதை எழுதிக் கையெழுத்திட்டு வண்டிக் காகிதங்களோடு வைத்திருக்கிறோம். இழுத்தெறிந்த துணி வயரை மட்டும் திருப்பித் தர முடியாது.

இன்னும் ஒன்று. ‘பொருந்தாது’ என்று வேறு பல வண்டிகளிலும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நேர்மையாகச் சொன்னதாகவே நினைக்கிறேன். அதை என் வாய்ச்சொல்லை வைத்து யாரும் ஏற்க வேண்டாம். நான் பார்த்த வண்டி உங்களுடையது என்றால் பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் வாஷர் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிரில் ஓரமாக, யாரும் தொடாத பழைய வயர்க்கட்டு இருந்தால், அதில் எங்கும் போய்ச் சேராத சிவப்பு மஞ்சள் வயரின் நுனி ஒன்று டேப் சுற்றிக் கிடக்கிறதா என்று தேடுங்கள். டாஷ்போர்டில் எதையும் எரிக்காத சுவிட்ச் இருந்தால் அதைக் கழற்றிவிடாதீர்கள். வீட்டில் அந்த வண்டியில் போனவர்கள் உயிரோடிருந்தால் அவர்களிடம் கேளுங்கள், என்னிடம் கேட்பதற்கு முன்னால். அப்படி ஏதாவது தென்பட்டால் வண்டியைக் கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, திரும்பவும் பார்த்துச் சொல்கிறேன்.