புல்லட்டும் என் முந்தானையும்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தாள், 1984-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த புல்லட்!

ஞாயிறு விடிந்தால் போதும், பழைய பனியனும் மண்ணெண்ணெய்யுமாக வாசலில் உட்கார்ந்துவிடுவார். கூடவே நாலு சிநேகிதர்கள். டீ போட்டே என் கை ஓய்ந்துவிடும். "அதையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்பேன்.

போன மாதம் கோயிலுக்குப் போகையில், என் முந்தானை பின்சக்கரத்தில் சிக்கிவிட்டது. நல்லவேளை, சட்டென்று நிறுத்தினார். அழகாயில்லை என்று சேலை கார்டைக் கழற்றி வைத்திருந்தவரும் அவர்தான்! அன்றே மாட்டினார். அப்போது அவர் கை நடுங்கியது.

சகோதரிகளே, ஏறுமுன் முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் அவசியம்.

இப்போது ஞாயிறு டீயை நானும் அவர்களோடு உட்கார்ந்தே குடிக்கிறேன். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டாமா?