தேக்கு வனத்தில் ஒரு கல்லறை

கொங்கு நாட்டார்க்குப் பூங்கா என்றதும் உதகையே முதலில் நினைவுக்கு வரும். 1848ஆம் ஆண்டு மெக்கைவர் வகுக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், 1874இல் குன்னூரில் எழுந்த சிம்ஸ் பூங்காவும் கண்ணுக்கு விருந்து என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் எங்கள் துறைச் சுற்றுலாவில் உள்ளத்தை ஆட்கொண்டது, பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே சேத்துமடை கடந்து மலையேறிக் காணும் டாப்சிலிப்பே ஆகும்.

வெட்டிய தேக்கு மரங்களை மேட்டிலிருந்து சரிவில் உருட்டிவிட்டமையால் வந்த பெயர் அது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளம் வரை சென்றது. வெட்டினோர் பலர், நட்டோர் சிலர். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரைப் பகுதிக் குடும்பத்தவரான ஹியூ கிளெகார்ன், 1856இல் சென்னை மாகாண வனப் பாதுகாவலராகி, 1858இல் ஆனைமலையின் உயர்மலைகளை ஏறிக் கண்டு எழுதியும் வைத்தார்.

பின்வந்த ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரியோ, சட்டைப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதைத்தபடியே நடப்பாராம். 1933இல் மறைந்த அவரை, அவர்தம் விருப்பப்படியே இவ்வனத்தில் அடக்கம் செய்தனர். அக்கல்லறை முன் நின்றபோது எவரும் பேசவில்லை. ஒருவர் நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்பினும் அது அவருக்குத் தருமமாகும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை, எங்களுடன் வந்த பேராசிரியர் மெல்ல நினைவூட்டினார். நட்டு வளர்த்த தேக்கு, தானே முளைத்த சோலைக்காட்டுக்கு ஈடாகாது என்பாரும் உளர். அதுவும் மெய்யே.

ஒன்று மட்டும் எங்களை உறுத்தியது. அருகிலுள்ள கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பேணுவோர் மலசர் குடியினர். இம்மலையின் வழிகளை அறிந்தோர் இவர்களும் காடர்களுமே. மரம் இழுத்த யானைகளை நடத்தியோரின் பெயர் பொறித்த கல் எதனையும் நாங்கள் காணவில்லை.

2007 முதல் புலிகள் காப்பகமாதலின், செல்வோர் வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டே உலவ இயலும், அது நன்று. முகாமில் முதிய பாகர் ஒருவர், ஈட்டி, மருது, வெண்தேக்கு, வேங்கை என ஒவ்வொன்றாய்ச் சுட்டிக்காட்டினார். சங்கப் பாடல்களில் மட்டுமே நாங்கள் கண்டிருந்த வேங்கையை, அன்றுதான் அதன் பட்டையைத் தொட்டு அறிந்தோம்.