உப அதிபர் சேரின் கடிதங்கள்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் வந்த 'தரப்படுத்தல்' என்ற சொல் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவன் 400க்கு 250 புள்ளி எடுக்கவேண்டும். சிங்கள மொழிமூலத்துக்கு 229 போதும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. இப்படி வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளைத்தான் எங்கள் உப அதிபர் சேர் தன்னுடைய அலுவலாக எடுத்துக்கொண்டார்.

பகலில் அவருக்கு நேரசூசியும் வரவு இடாப்பும் வசதிக் கட்டணக் கணக்கும். பின்னேரமானால் அந்தக் கந்தோர் மேசைக்கு ரைப்ரைட்டரும் கார்பன் தாளும் நீல ஏரோகிராமும் வந்துவிடும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.சி.சி.ஏ. படிவத்தில் பாடசாலை எழுதவேண்டிய பகுதியை அடித்தடித்துத் திருத்துவார். "கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் எழுதுவினம். இவன் என்ன செய்தவன் எண்டெல்லோ எழுதவேணும்!" தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கலைச்சொற்களையும் அங்கேயே இருத்திச் சொல்லிக்கொடுத்தார்.

1977 வரை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு ஒரு மதிலாக நின்றது. அது தளர்ந்த கையோடு, 1980இல் பிரித்தானியா வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் சேரின் பெருமையை முழுதாகக் கண்டேன். ஒரு தகப்பனிடம் நேராகவே சொன்னார்: "அண்ணை, காணியை ஈடுவைச்சு லண்டனுக்கு அனுப்பாதேங்கோ. பொடியன் படிப்பை விட்டிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு நிப்பான். சென்னையிலை இடம் பாப்பம்." போகவேண்டாம் என்று சொல்ல மனம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

ஓய்வுபெற்று, தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்தார். கூட வந்தது ஒரு ட்ரங்குப் பெட்டி; அதற்குள் உடுப்பைவிடக் கார்பன் பிரதிகள்தான் அதிகம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன்னறையில் 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்' என்று பலகை தொங்கியது. பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கும் வழக்கம் பரவிக்கொண்டிருந்த காலம். அவர் அதைத் தொடவில்லை. "அதை வாங்கினால் நான் ஆருக்கு வேலை செய்யிறன் எண்டு எனக்கே தெரியாமல் போயிடும்." தபால் செலவோடு, ஏலுமானவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். இன்றைய ஆலோசனை நிலையங்களின் பளபளப்பான மேசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் கேட்கிறது.

1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் எல்லாக் கடதாசிகளையும் தொலைத்த பிள்ளை ஒருத்தி அந்த முன்னறைக்கு வந்தாள். சான்றிதழின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். பாடசாலை அறிக்கைகளுக்கு எங்கே போவது? சேர் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். கீழ்வகுப்பில் அவளுக்குக் கணிதப் பரிசு கிடைத்தபோது தான் எழுதிய பாராட்டுக் கடிதத்தின் பிரதியை எடுத்தார். அதை இணைத்து, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமொன்றுக்குக் கடிதம் அடித்தார். அவர்கள் அவர் சொல்லை ஏற்றார்கள்.

அவள் இப்போது அங்கே கணிதம் படிப்பிக்கிறாள். மகளுக்குப் பல்கலைக்கழகம் தேடும் வயது. அண்மையில் தொலைபேசியில் கதைத்தபோது, "சேர் இருந்திருந்தால் இவளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குத்தான் வந்திருப்பன்" என்றாள்.