இடம் மாறின மூக்குத்தி

நார்த்தாமலை,
சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம்.

அன்பான பெஞ்சுக்காரிக்கு,

எங்க கீழத்தெருவில ரெண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, எதிரெதிர் வாசல். கோலம் போடக் குனிஞ்சா ஒருத்தி மூஞ்சியில ஒருத்தி முழிச்சாகணும். அதனால பெரியவ விடியறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சுடறா. இவ்வளவுக்கும் காரணம் நான் செஞ்சு கொடுத்த ஒரு லாக்கெட்டு. உடனே சிரிக்காதே, கதையைக் கேளு.

நான் பாலிமர் களிமண்ணுல நகை செய்யறது உனக்குத் தெரியும். இப்ப அதுல போட்டோ ஏத்தறேன். பங்குனியில முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல் ஆரம்பிச்சதுல இருந்து தேர் வரைக்கும் ஊர்ல கூட்டம் தாங்காதே, அப்ப வாசல்ல ஒரு மேசை போட்டு உக்காந்தேன். நல்லா போச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் இந்தத் தங்கச்சிக்காரி செத்துப்போன அவங்க அம்மா படத்தைக் கொண்டுவந்தா. ஸ்டூடியோவில எடுத்த கருப்பு வெள்ளைப் படம். "கழுத்துல போட்டுக்கிற மாதிரி செஞ்சு குடு அத்தாச்சி"ன்னா.

களிமண்ணுல படம் தலைகீழாத்தான் ஏறும். தலைகீழுன்னா இடம் வலமாகும், வலம் இடமாகும். அதனால பிரிண்ட் எடுக்கும்போதே கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி எடுத்துடணும். இதை ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட எழுதியே அனுப்பினேன். அவன் ரொம்ப நல்லவன், அதுதான் வினை. "என்னக்கா, படம் திரும்பிக் கிடக்கு, உங்களுக்காக நேராக்கிட்டேன்"னு சரிபண்ணி அனுப்பிட்டான். அதை என்கிட்டச் சொன்னது எல்லாம் முடிஞ்ச பிறகு. அந்த ஆத்தாவை நான் உயிரோட பார்த்ததில்ல, மூஞ்சியைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்?

லாக்கெட்டுல மூக்குத்தி இடப்பக்கம் வந்துடுச்சு. பெரியவ பார்த்தா. "எங்கம்மாவுக்கு வலது மூக்குலதானே இருக்கும்?"னா. சின்னவ விடுவாளா? "வலதுல பேசரி, இடதுல மூக்குத்தி, ரெண்டும் இருந்துச்சு. இடதுல இருந்தது இங்க தெரியுது. வலதுல இருந்த வைரப் பேசரி எங்க போச்சு? யாரு எடுத்தா?"ன்னு கேட்டுட்டா. அவ்வளவுதான், புளியமரத்துல கல்லெறிஞ்ச மாதிரி முப்பது வருஷத்துக் கணக்கெல்லாம் கொட்ட ஆரம்பிச்சுடுச்சு.

நான் ஓடிப்போய், "ஆத்தா, மாராப்பு எந்தத் தோள்ல கிடக்கு பாருங்க. வலது தோள்ல! நம்ம தெருவில யாரு வலது தோள்ல மாராப்புப் போடுவா? படம் திரும்பிப்போச்சு, அவ்வளவுதான்"னு காட்டினேன். ஒத்துக்கிட்டாங்க. ஆனா பேசரி கேள்வி வெளிய வந்தது வந்ததுதானே, அதைத் திரும்ப உள்ள அனுப்ப முடியுமா? வேற லாக்கெட்டு செஞ்சு கொடுத்துட்டேன். இப்ப மூக்குத்தி வலப்பக்கம், மாராப்பு இடப்பக்கம். சண்டை மட்டும் அப்படியே இருக்கு.

இது எப்படி ஏறுதுன்னு நீ கேட்டிருந்தியே, சொல்றேன். பேருதான் களிமண்ணு, நெசத்துல மண்ணு இல்ல. பி.வி.சி. பிளாஸ்டிக்கு, அதை இளக்கமா வச்சிருக்க பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒண்ணு. லேசர் பிரிண்டர்ல, ஜெராக்ஸ் மெஷின்ல இருக்கிற டோனர் இருக்கே, அதுவும் மை இல்லடி, கருப்புச் சாயம் கலந்த பிளாஸ்டிக் தூள். அதைச் சூடு காட்டித்தான் காகிதத்துல ஒட்டவைக்கிறாங்க. படத்தைக் குப்புறப் போட்டு அழுத்தினா களிமண்ணுல இருக்கிற அந்த எண்ணெய்ப்பசை டோனரை இளக்கித் தன் பக்கம் இழுத்துக்குது.

களிமண்ணைக் கண்ணாடிப் பலகையில வச்சு அப்பளம் தேய்க்கிற கட்டையால சமமாத் தேய்ப்பேன். படத்தைக் குப்புற வச்சு, ஸ்பூனோட முதுகால நடுவில இருந்து ஓரத்துக்கு மெதுவாத் தேய்ப்பேன். காத்துக் குமிழி ஒண்ணு மாட்டினா அந்த இடத்துல படம் ஏறாது, கண்ணுல மாட்டினா ஆளு ஒத்தைக்கண்ணா நிப்பா. அப்புறம் அரை மணி நேரம் விட்டுடணும். காகிதம் லேசா எண்ணெய் குடிச்ச மாதிரி நிறம் மாறும். அதுக்குப்பிறகு விரலைத் தண்ணியில தொட்டுக் காகிதத்தை நனைச்சு நனைச்சு உருட்டணும். காகிதம் பஞ்சு பஞ்சாத் திரண்டு உருண்டு வரும். அடியில முதல்ல புருவம் தெரியும், அப்புறம் நெத்திப் பொட்டு. இந்த நேரத்துல யாராவது வாசல்ல கூப்பிட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும். நகம் பட்டா மூக்கே போயிடும்.

அப்புறம் சின்ன ஓவன்ல வேகவைக்கணும். சூடு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஃபிமோவுக்கு 110 டிகிரி, ஸ்கல்ப்பிக்கு 135. அதுக்கு மேல ஏத்தினா கருகும், வர்ற புகை நல்லதில்ல. அந்த ஓவன்ல சமையல் பண்ணக் கூடாதுன்னு மாமியார்கிட்ட கண்டிஷனாச் சொல்லி வச்சிருக்கேன். அவங்க ஒரு தடவை பிஸ்கட் செய்யப் பார்த்தாங்க.

கலர் சாமி படம் வேணும்னு நிறையப் பேரு கேக்கறாங்க. எனக்குப் பிடிக்கலை. சாதாரணப் பிரிண்டர்ல வெள்ளை மையே கிடையாதுல்ல, படத்துல வெள்ளை இருக்கிற இடமெல்லாம் களிமண்ணோட நிறம்தான் தெரியும். அம்மன் புடவை ஜரிகை எல்லாம் மங்கி, காலண்டரை மழையில விட்ட மாதிரி ஆயிடுது. வெள்ளைக் களிமண்ணுல கருப்பு டோனர், அதுக்கு ஈடே இல்ல. பழைய போட்டோவும் எழுத்தும்தான் இதுல எடுபடும்.

எழுத்துன்னதும் எங்க அக்கா மகன் ஞாபகம் வருது. வரலாறு படிக்கிறானே, அவன்தான். அனுமதி வாங்கின ஒரு குழுவோட கல்வெட்டுப் படி எடுக்கப் போய்ப் பழகியிருக்கான். கல்லைக் கழுவி, நனைச்ச காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள்ள இறக்கணும். காகிதம் பாதி காயும்போது துணிப்பந்துல மையைத் தொட்டு மேல ஒத்தணும். மேடெல்லாம் கருப்பாகும், குழிஞ்ச எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும். மை காகிதத்தோட வெளிப்பக்கம்தானே படுது, அதனால படியை உரிச்சா எழுத்து நேராவே இருக்கும். "சித்தி, உங்க வேலையில திரும்பிக்கும், எங்க வேலையில திரும்பாது"ன்னு என்னைச் சீண்டுவான். புதுக்கோட்டை சமஸ்தானத்துல இப்படிப் படியெடுத்துப் படிச்ச கல்வெட்டுப் பாடங்களை 1929லயே புத்தகமாப் போட்டுட்டாங்களாம்.

மேலமலை விஜயாலய சோழீச்சரத்துக்கு நீயும் நானும் ஏறினோமே, சதுரக் கோயிலுக்குள்ள வட்டமா ஒரு கருவறை இருக்குன்னு நீ வாயைப் பிளந்து நின்னியே, அங்க துவாரபாலகருக்குக் கீழ ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கு. பேருல சோழன் இருந்தாலும் கோயிலைக் கட்டினது சாத்தன் பூதிங்கிற இளங்கோவதியரையர், முத்தரையர் வம்சம். மழையில சிதைஞ்சதை மல்லன் விடுமன் புதுப்பிச்சான். கட்டினவன் பேரும் மராமத்து பார்த்தவன் பேரும் ஒரே கல்லுல. அதோட படத்தை வச்சு நாலஞ்சு பதக்கம் செய்யலாம்னு பிரிண்டுக்கு அனுப்பினேன். மறுபடியும் அதே நல்ல பையன், மறுபடியும் நேராக்கி அனுப்பிட்டான். இந்தத் தடவை அதிசயம் என்னன்னா, ஒருத்தருக்கும் தெரியலை. அந்தக் கால எழுத்து யாருக்குப் புரியுது? பார்த்தவங்க எல்லாம் "ஆஹா, ராஜா காலத்து எழுத்து"ன்னாங்க. அக்கா மகன் மட்டும் கையில வாங்கினதும் நேரா நிலைக்கண்ணாடிக்கு முன்னாடி போய் நின்னு படிச்சான். அதுல ஒண்ணைக்கூட நான் விக்கலை. அவன்கிட்டயே கொடுத்துட்டேன். காலேஜ்ல அவனுக்கு ஏகப்பட்ட கிராக்கியாம், கண்ணாடி வச்சுத்தான் படிக்கணும்னு.

இன்னொரு வம்பு, இது ஜெர்மனி வம்பு. கேத்தே க்ரூஸேன்னு ஒரு பெரிய பொம்மைக்காரம்மா இருந்தாங்க. பொம்மைத் தலை செய்ய வந்த ஒரு பிளாஸ்டிக் மாவு லாயக்கில்லைன்னு அவங்க ஒதுக்க, மக ஃபிஃபி அதை எடுத்து விளையாடியே ஒரு தொழிலாக்கிட்டா. 1964ல எபர்ஹார்ட் ஃபேபர் கம்பெனி அதை வாங்கிச்சு. ஃபிஃபியோட பேருல இருந்துதான் ஃபிமோங்கிற பேரு. ஆத்தா வேண்டாம்னதை மக வித்துக் காசாக்கிட்டா பாரு. படம் ஏத்தறதுல லிவர்பூல்ல சாட்லர், க்ரீன்னு ரெண்டு பேரு 1756ல இன்னும் பெரிய ஆட்டம். ஆறு மணி நேரத்துல 1,200 ஓட்டுல படம் ஏத்தினோம்னு சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுத்தாங்க. நான் பூச்சொரிதலுக்கு நாலு நாள் முன்னாடி இருந்து உக்காந்தும் ஒரு தட்டு நிறையலை.

இந்த வெயில்ல களிமண்ணு அல்வா பதத்துக்கு இளகிடுது. படம் சீக்கிரம் ஏறுது, ஆனா தொட்ட இடமெல்லாம் ரேகை. தண்ணிப் பானை ஓரத்துல ஒரு எவர்சில்வர் தூக்குல போட்டு வச்சிருக்கேன். ஸ்வீட்டு வருமே, கண்ணாடி மாதிரி மொறமொறப்பா ஒரு டப்பா, அதுல மட்டும் வைக்காதே. அந்த எண்ணெய் டப்பாவையே தின்னு ஒட்டிக்கும்.

கடைசியா எங்க நாத்தனார். நான் சம்பாதிக்கிறதைப் பார்த்துட்டுப் புதுக்கோட்டையில போய் ஒரு கலர் பிரிண்டர் வாங்கிட்டு வந்துட்டா, இங்க்ஜெட்டு. லேசர்தான் வேணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "நீ தொழில் ரகசியத்தை மறைக்கிறே அண்ணி"ன்னுட்டா. அது தண்ணி மை. விரலை நனைச்சுக் காகிதத்தை உருட்டினதும் அவ புருஷன் மூஞ்சி நீலமாக் கரைஞ்சு வழிஞ்சுடுச்சு. பக்கத்துல நின்ன அவர் ஒண்ணும் பேசலை, எழுந்து டீ குடிக்கப் போயிட்டாரு. இப்ப அந்தப் பிரிண்டரை என் தலையில கட்டப் பாக்கறா, பாதி விலையாம். உனக்கு வேணுமாடி? பையன் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு ஆகும். வேணும்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு, அவ மனசு மாறிடுவா.

உன்,
நார்த்தாமலைக்காரி