நெக்ஸ்-7க்கு ஒரு வாரிசு அவசியமா?

கேமரா பத்தி பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ் எழுத உட்கார்ந்தா மட்டும் இந்த மாதிரி விஷயமெல்லாம் எங்கிருந்துதான் மண்டைக்குள்ள வருதோ தெரியல. வந்தது வந்துடுச்சு, இறக்கி வச்சுட்டுப் போயிடறேன். கேமராப் பொட்டி பத்திக் கவலையே இல்லாதவங்க இப்படியே எஸ்கேப் ஆயிக்கலாம் :-)

என்கிட்ட இருக்கிறது சோனி நெக்ஸ்-7. 2011 ஆகஸ்ட்ல அறிவிச்ச மாடல். அக்டோபர்ல தாய்லாந்து வெள்ளத்துல அயுத்தயா தொழிற்சாலை மூழ்கிப்போய், பல பேர் கைக்கு வந்து சேரவே 2012 ஆயிடுச்சு. நான் வாங்கினது அதுக்கெல்லாம் ரொம்பப் பிந்தி, இங்க ஜெர்மனிக்குப் படிக்க வந்தப்புறம், பழசா. கூடவே ஒரு ஞாயித்துக்கிழமைச் சந்தையில கிடைச்ச ரஷ்ய ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸ். அடாப்டர் போட்டு மாட்டிட்டா, ஃபோகஸ் ஆன விளிம்பெல்லாம் கலர்ல மின்னிக் காட்டும். ஏழை மாணவனுக்கு இதவிட என்ன வேணும்?

எங்க வீட்டுல கூட இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணைக்குத்தான் பொறுக்கல. "ஏன் தம்பி இந்தப் பழசைக் காவிக்கொண்டு திரியிறீர்? வித்துப்போட்டு இதின்ர புது மாடல் ஒண்டு எடுமன்" என்றார். இங்கதான் சிக்கலே. இதோட புது மாடல் எது?

நெக்ஸ்-8ன்னு ஒண்ணு வரவே இல்லை. 2013 அக்டோபர்ல அந்த 7ங்கிற நம்பரைத் தூக்கி ஃபுல் ஃபிரேம் ஆல்ஃபா 7க்குக் குடுத்தாச்சு. 2014 பிப்ரவரியில ஏ6000 வந்தப்போ நெக்ஸ்ங்கிற பேரும் போச்சு. நெக்ஸ்-6, நெக்ஸ்-7 ரெண்டு பேர் நாற்காலியிலயும் இந்த ஒருத்தரே உட்கார்ந்தார். ஆட்டோஃபோகஸுக்கு 179 ஃபேஸ் டிடெக்ட் புள்ளிகள், நொடிக்கு 11 படம், விலை பாடி மட்டும் சுமார் 650 டாலர். நெக்ஸ்-7 பாடி வந்தப்போ 1,200 டாலர்ங்க. ஆனா வ்யூஃபைண்டர் 23.6 லட்சம் புள்ளியில இருந்து 14.4 லட்சத்துக்கு இறங்கிடுச்சு, மைக் மாட்டுற ஓட்டை காணோம், மேல இருந்த ரெண்டு சக்கரத்துல ஒண்ணும் காணோம். வித்துத் தீர்த்தது என்னவோ ஏ6000தான். அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது.

அந்த சக்கரம் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நெக்ஸ்-7ஓட மேல்பக்கத்துல பேரு எழுதாத மொட்டைச் சக்கரம் ரெண்டு. பின்னாடி ஒண்ணு. ஷட்டர் பக்கத்துல ஒரு குட்டி பட்டன். மேனுவல் மோட்ல மூணும் அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. பட்டனை ஒரு தட்டு தட்டினா அதே சக்கரங்களுக்கு வேற வேலை, இன்னொரு தட்டுல இன்னொண்ணு. சோனி இதுக்கு ட்ரை-நாவின்னு பேரு வச்சது. மேல எந்த எழுத்தும் இல்லாததால முதல் ரெண்டு நாள் தலை சுத்தும். மூணாவது நாள் கண்ணை வ்யூஃபைண்டர்ல இருந்து எடுக்கவே தோணாது. மெனுவோ மகா கண்றாவி, எது எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியாது; ஆனா மெனுவுக்குள்ள போகவே வேண்டாம்ங்கிறதுதான் இந்தப் பொட்டியோட அழகு.

ஹம் ஊர் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இதத் தூக்கிட்டுப் போனேன். கோடை வெயில், கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். தேர் நகர்றது, தேங்காய் உடைக்கிறது, அர்ச்சனைத் தட்டோட நின்ன பாட்டிமார், எல்லாம் அருமையா வந்தது. வெயில்ல பின்திரை தெரியாது, வ்யூஃபைண்டர் காப்பாத்துச்சு. நிழலும் வெயிலும் மாறி மாறி வர்ற இடத்துல எக்ஸ்போஷரைக் கட்டைவிரலாலயே திருகிட்டே போனேன். ஆனா காவடி? சுத்தி ஆடிக்கிட்டு வர்றவங்களை காண்ட்ராஸ்ட் முறையில தேடித் தேடி ஃபோகஸ் பண்றதுக்குள்ள அவங்க அடுத்த சுத்துக்குப் போயிடறாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு ஏ6000 வச்சு சட சடன்னு தட்டித் தள்ளிட்டுப் போச்சு.

அதனால வாரிசே வேண்டாம்னு நான் சொல்லல. 2023 ஜூலைல வந்த ஏ6700ஐ நேர் வாரிசுன்னு சொல்றவங்க இருக்காங்க. 26 மெகாபிக்சல், கை நடுக்கத்தைத் தாங்குற சென்சார், பிரமாதமான ஃபோகஸ், முக்கியமா முன்னாடி ஒரு சக்கரம் திரும்ப வந்தாச்சு. அதுக்குப் பன்னெண்டு வருஷம்! வ்யூஃபைண்டர்ல புள்ளிக் கணக்கு இன்னும் அதே 23.6 லட்சம், கேட்டா சிரிப்பீங்க. எடை மட்டும் பேட்டரியோட 493 கிராம். நெக்ஸ்-7 350 கிராம் சொச்சம். 140 கிராம் ஒரு எடையான்னு கேக்கலாம். காலையில லேப், சாயந்திரம் பகுதிநேர வேலைன்னு ஒரே பையில எல்லாத்தையும் சுமக்கிறவனுக்கு, கேமராவை எடுத்துட்டுப் போறதா வீட்டுல வைக்கிறதாங்கிறது அந்த 140 கிராம்லதான் தீர்மானமாகும்.

இன்னொரு உண்மையும் இருக்கு. நெக்ஸ்-7க்கு வாரிசு கேட்டுப் புலம்புறவங்க பாதிப் பேர் என்னை மாதிரிதான். நாளைக்கே அப்படியே ஒண்ணு செஞ்சு வச்சாலும் உடனே வாங்க மாட்டோம். எட்டு வருஷம் கழிச்சு எவனாவது பழசா விப்பான்னு காத்துக்கிட்டு இருப்போம். எங்களை நம்பி ஒரு கம்பெனி தொழிற்சாலை நடத்தினா நடுத்தெருவுக்குத்தான் வரணும். ஏ6000 செஞ்சவங்களுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கு.

அதனால நம்பர் போட்ட வாரிசு எனக்கு வேண்டாம். பெரிய சென்சார், மூலையில வ்யூஃபைண்டர், மூணு சக்கரம், 350 கிராம், கூட நல்ல ஃபோகஸ். இதை யார் எந்தப் பேர்ல குடுத்தாலும் சரி. நிகானோ ஃபியூஜியோ குடுத்தாலும் எனக்கு ஒண்ணும் ரோஷமில்லை, லென்ஸ்னு இருக்கிறது சந்தை ஹீலியோஸ்தானே, அடாப்டரை மாத்தினா போச்சு.

அண்ணைகிட்ட இவ்வளவையும் சொன்னேன். ஏ6700 வந்தப்போ பாடி விலையே சுமார் 1,400 டாலர், என் வாடகைக்கு மூணு மாசக் கணக்கு, அதையும் சொன்னேன். "அப்ப காசில்லை எண்டு ஒரு சொல்லில சொல்லியிருக்கலாமே" என்றார்.

டிஸ்கி: ஹம் தேர்ப் படங்கள் அடுத்த பதிவுல. காவடிப் படம் மட்டும் கேட்டுடாதீங்க.