தேடுபெட்டியில் மாயக்காள்

அச்சில் இருப்பதே ஆதாரம் என்று படித்து வந்தவள் நான். எழுமலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ பத்திரிகைச் சேமிப்பில் மாயக்காளின் பெயரை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக அடித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று, பக்கத்துப் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் ஒரே பெண் மாயக்காள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்பாள் அப்பத்தா.

பழைய பத்திரிகைகளுக்குள் நுழைய ‘கலகம்’, ‘குற்றப் பரம்பரை’ என்று ஆண்டவர்களின் சொற்களைத்தான் போட வேண்டியிருக்கிறது.

மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன்: தேடுபெட்டி வெறுமையாக வந்தால் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதாதீர்கள். எங்கே, யாருடைய சொல்லில் தேடினீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஊர்க்கிழவிகளிடம் கேளுங்கள். அதையும் ஆதாரமாகவே எழுதுங்கள்.